மணமாகாதவர்

"படிக்கறதுக்கு என்னப்பா இருக்கு? ரெண்டே பக்கம். கீழ ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

மகள் பேனாவின் மூடியைக் கழற்றி அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். சாப்பாட்டு மேசையில் தட்டுகளை இன்னும் எடுக்கவில்லை. அவற்றை ஒரு பக்கமாகத் தள்ளி, ஈரத்தைத் துணியால் துடைத்துவிட்டு, காகிதத்தை அவள் விரித்திருந்தாள். தாலுகா தாண்டி, காலையில் முதல் பஸ் பிடித்து வந்தவள் இன்னும் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. வாங்கிக்கொண்டு உடனே கிளம்பிவிட வேண்டும் என்று வந்திருக்கிறாள்.

பத்திரக்காரர் பேனாவை எடுத்தார். மூடியை மறுபடி மாட்டி வைத்தார்.

"மை காஞ்சிடும்" என்றார்.

நாற்பத்தோரு வருஷம் பதிவு அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டுப் பத்திரம் எழுதியவர். தெருவில் அவர் பெயர் பலருக்கு மறந்தே போயிருக்கும். பத்திரக்காரர் வீடு என்றால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். எழுபத்து மூன்று வயதிலும் நாற்காலியில் சாய்ந்து உட்காருவதில்லை. மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். மகன் போய் நாலு வருஷம். வீட்டில் அவரும், கதவைத் தட்டினால் எதிரொலிக்கிற மூன்று அறைகளும்தான்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். "'என் மகன் சாகும் நாள் வரை மணமாகாதவர் என்பதை நான் என் சொந்த அறிவில் அறிந்து உறுதி கூறுகிறேன்.' யாரு எழுதினது இதை? சாகும் நாளாம். ஆடா மாடா? 'இறக்கும் வரை'ன்னு எழுதத் தெரியாதவன் எல்லாம் வக்கீலா?"

"உங்க மாப்பிள்ளையோட சிநேகிதர் ஒருத்தர் கம்பெனி வக்கீல்கிட்ட இருக்கார்ப்பா. அவர்தான் அனுப்பினார். வார்த்தை எப்படியிருந்தா என்ன? அன்னிக்கு ஆஸ்பத்திரியில தம்பி உடம்பை வாங்கறப்ப நீங்க எழுதிக் கொடுத்ததுதானே இதுவும்? புதுசா ஒண்ணும் கேக்கலையே."

அது உண்மைதான். புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

ஊருக்கு வெளியே இருந்த காலணித் தொழிற்சாலையில் பசைப் பிரிவுக்கு அவர் மகன் மேற்பார்வையாளன். ஒரு மத்தியானம் பசை டப்பாக்களில் தீப்பிடித்தது. பின்கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தது. ஜோடி ஜோடியாகச் செருப்பு திருட்டுப் போகிறது என்று பூட்டி வைத்த கதவு. பதினாலு பேர் அந்தக் கதவுக்கு உள்பக்கம் கிடந்தார்கள். இங்கே இருந்த கம்பெனி, புகை அடங்கின ஆறாவது மாதமே பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு காணாமல் போனது. மிச்சமிருந்தது கடல் கடந்த நாட்டில் இருக்கும் தாய்க் கம்பெனி. பூட்டு போடச் சொன்ன உத்தரவு அங்கிருந்துதான் வந்தது என்று சொல்லி, பதினாலு குடும்பமும் அந்த நாட்டு நீதிமன்றத்திலேயே வழக்குப் போட்டன. "எங்கேயோ நடந்த விபத்துக்கு இங்கே என்ன விசாரணை" என்று கம்பெனி இரண்டு வருஷம் வாதாடித் தோற்றது. இப்போது வழக்கு உள்ளே நுழைந்துவிட்டது. முதலில் எடுப்பது அவர் மகன் வழக்கு. காரணம், பின்கதவைத் திறந்து வைக்கச் சொல்லித் தாய்க் கம்பெனிக்கே இரண்டு முறை கடிதம் எழுதியிருந்தவன் அவன் ஒருவன்தான்.

ஆனால் அவனுக்காக வழக்குப் போட்டவர் பத்திரக்காரர் இல்லை. பிள்ளை உயிருக்கு விலை பேச மாட்டேன் என்று அவர் அன்றே சொல்லிவிட்டார். போட்டவள் ஒரு பெண். அதே தொழிற்சாலையில் மேல்தோல் தைக்கிற மெஷினில் இருந்தவள். மகனோடு மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள். பத்திரக்காரர் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. மனசுக்குள்கூட அவளுக்கு 'அவள்' என்றுதான் பெயர்.

"அவ மனைவின்னு அங்க தீர்ப்பாயிட்டா இங்க நம்ம தலையில உக்காருவாப்பா" என்றாள் மகள். "உங்க பேத்திக்கு இப்பதான் ஒரு நல்ல இடம் வந்திருக்கு. மாமன் கால்வாய்க்கு அந்தப் பக்கத்துல பொண்ணு எடுத்தவன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா, வந்த செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. தம்பி இருந்தப்பவும் நம்ம மானத்தை வாங்கினான். போயும் வாங்கணுமா?"

"உன் தம்பியைப் பத்திப் பேசறப்ப வாயைக் கழுவிட்டுப் பேசு."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பத்திரக்காரர் இரண்டாம் பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். "'இத்துடன் உள்ள இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு ஆகியவற்றைப் படித்து, அவற்றில் கண்டவை சரியென ஒப்புக்கொள்கிறேன்.' எங்கம்மா இணைப்பு?"

"ஐயோ, அது அங்க கோர்ட்டுக்குப்பா. அவங்க பாஷையில ஐம்பது அறுபது பக்கம் இருக்கும். உங்களுக்கு எதுக்கு?"

"படிச்சேன்னு நான் கையெழுத்துப் போடணும். படிக்காம எப்படிப் போடறது? இணைப்பு பாக்காம நான் ஒரு ஆளைக் கையெழுத்துப் போட விட்டதில்ல. தமிழ்ல வரட்டும். படிச்சுட்டுப் போடறேன்."

"போட மாட்டேன்னு சொல்லுங்களேன் நேரா."

"போட மாட்டேன்னு யார் சொன்னது? பாத்துட்டுப் போடறேன்னேன்."

அவர் சொன்னது மனதார. அந்த நிமிஷத்தில் அவருக்குக் கையெழுத்துப் போடுவதில் ஒரு தடையும் இல்லை. தொழில் புத்தி, அவ்வளவுதான். மகள் தட்டுகளைக்கூட எடுத்துப் போடாமல் அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அவர் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வழக்கம்போல முன்னறையில் வந்து உட்கார்ந்தார். அன்று முழுக்க அவரிடம் வேறு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பத்து நாள் கழித்துக் கூரியரில் தடித்த உறை வந்தது. காசு கொடுத்து யாரோ அவசரமாகச் செய்த மொழிபெயர்ப்பு. காலையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார்.

இணைப்பு ஒன்று, ஒரு சட்டப் பேராசிரியரின் கருத்துரை. கம்பெனி அவரை இந்த நாட்டுச் சட்டத்தில் நிபுணர் என்று அந்த நீதிமன்றத்தின் முன் நிறுத்தியிருந்தது. வழக்கு அங்கே நடந்தாலும் சாவு நடந்தது இங்கே; ஆகவே யார் மனைவி, யார் வாரிசு என்பதை இந்த நாட்டுச் சட்டப்படிதான் தீர்மானிக்க வேண்டும் என்று ஆரம்பித்தது. சரிதான் என்று பத்திரக்காரர் தலையாட்டினார். பதிவு செய்யாத திருமணம் வழக்கத்தைப் பொறுத்தது என்றது அடுத்த பத்தி. அதற்கும் தலையாட்டினார். பதினேழாம் பத்திக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இறந்தவரின் சமூகத்தில், குடும்பத் தலைவரின் சம்மதமின்றிக் கீழான சமூகத்துப் பெண்ணுடன் ஏற்படும் சேர்க்கை திருமணமாகக் கருதப்படுவதில்லை. அப்பெண் வீட்டுக்குள் அனுமதிக்கப்படுவதில்லை. துக்கத்திலும் இடம் பெறுவதில்லை. இது தொன்றுதொட்ட வழக்கம். இறந்தவரின் தந்தை, கௌரவமிக்க குடும்பத் தலைவர், மருத்துவமனைப் படிவத்தில் மகன் மணமாகாதவர் எனத் தம் கைப்பட உறுதி கூறியிருப்பது இவ்வழக்கம் உயிரோடிருப்பதற்குச் சிறந்த சான்று. அயல்நாட்டு நீதிமன்றம் தன் சொந்த மதிப்பீடுகளைத் திணிக்காமல், இவ்வழக்கத்தை மதித்து நடக்கக் கடமைப்பட்டது."

கீழே அவருடைய படிவத்தின் நகல். முத்து முத்தாக அவர் கையெழுத்து. 'மணமானவரா?' என்று அச்சிட்ட கேள்விக்கு எதிரே, 'இல்லை.' அதற்கு ஒரு முற்றுப்புள்ளிகூட வைத்திருந்தார்.

தொழிற்சாலை வாசலில் ஒரு பலகை இருந்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. மனிதரில் பேதம் பார்ப்பதில்லை என்று நீலத்தில் பளபளவென்று எழுதியிருப்பார்கள். பலகை மாட்டியவன் இப்போது தன் நாட்டுக் கோர்ட்டில் நின்று, இந்தக் கிழவன் வீட்டுப் பேதத்தை எடுத்துக் கேடயமாகப் பிடிக்கிறான். இத்தனை நாளும் அது வீட்டுக்குள் பேசுகிற பேச்சு. யாரும் காகிதத்தில் எழுதியதில்லை. எழுத வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. பதினேழு என்று எண் போட்டுப் பார்க்கையில் அவருக்குக் காது சூடேறியது. 'கௌரவமிக்க' என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தார். புகழ்கிறானா, கையில் விளக்கைப் பிடித்து ஊருக்குக் காட்டுகிறானா என்று விளங்கவில்லை.

இணைப்பு இரண்டு, அவளுடைய வாக்குமூலம். பேராசிரியர் அதைப் பத்தி பத்தியாக மறுத்திருந்தார் என்பதால் சேர்த்து வைத்திருந்தார்கள்.

"தொழிற்சங்க அறையில் மாலை மாற்றிக்கொண்டோம். சாட்சியாக நின்ற இருவரும் அதே தீயில் இறந்துவிட்டார்கள். பதிவு செய்யாதது ஏன் என்று கேட்கிறார்கள். என் கணவர் ஒப்பவில்லை. அவர் வீட்டில் எந்தக் காகிதமானாலும் அப்பா எழுதித்தான் கையெழுத்தாகும், பள்ளிக்கூட விண்ணப்பம் முதல் அப்படித்தான், நம் கல்யாணக் காகிதத்தையும் அப்பா எழுதட்டும் என்றார். மூன்று முறை போய்க் கேட்டார். நான்காவது முறை போவதாக இருந்தது."

ஜன்னலுக்கு வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். பத்திரக்காரர் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

மூன்று முறை வந்தான். முதல் முறை வீட்டுக்கு. அம்மாவின் படத்துக்கு எதிரே நின்று பேசினான். இவர் எழுந்து குளிக்கப் போய்விட்டார். இரண்டாம் முறை போனில். மூன்றாம் முறை பதிவு அலுவலகத்துக்கு எதிரே அவர் மேசைக்கே வந்தான். பத்திரம் எழுத வருகிற ஆட்களோடு ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முறை வந்ததும் முன்னால் நகர்ந்து, "ஒரு காகிதம் எழுதணும்ப்பா" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "இந்த மேசையில அதுக்கெல்லாம் காகிதம் இல்ல. அடுத்த ஆள் வாங்க" என்றார் இவர். அடுத்த ஆள் ஒரு நிலத்தரகன். என்ன பத்திரம் என்றுகூட இப்போதும் ஞாபகம் இருக்கிறது. மகன் எழுந்த விதம்தான் ஞாபகத்தில் இல்லை. அவர் பார்க்கவில்லை.

வேறு பிள்ளையாக இருந்தால் அப்பா எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன என்று எவன் மேசைக்காவது போயிருப்பான். இவர் வளர்த்த பிள்ளை. காத்திருந்தான்.

மறுநாள் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, வாக்குமூலத்தின் அடியில் இருந்த விலாசத்துக்குப் போனார். மருந்துக்கடை மாடியில் இரண்டு அறை. பதினாலு குடும்பத்துக்கும் இங்கே வேலை பார்க்கிற வக்கீலம்மா, நாற்பது வயதிருக்கும், ஃபைல் கட்டுகளுக்கு நடுவே டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். யார் என்று அவர் சொன்னதும் டப்பாவை மூடிவிட்டாள்.

"கம்பெனி சார்பா வந்திருக்கீங்களா ஐயா?"

"யார் சார்பாவும் வரல. ஒரு சந்தேகம். அவன் நாட்டுக் கோர்ட்டுல எதுக்கு எங்க வீட்டு வழக்கத்தைப் பேசறான்?"

"கோர்ட்டு அவங்களது, சட்டம் நம்மளது. வேற நாட்டுச் சட்டம் அந்த நீதிபதிக்குத் தெரியாது. ரெண்டு பக்கமும் ஆள் வெச்சுச் சொல்லித்தான் தெரிஞ்சுக்குவாங்க. 'இதுதான் அந்த நாட்டு வழக்கம்'னு கம்பெனி சொல்லுது. இல்லன்னு நாங்க சொல்றோம். புருஷன் பொண்டாட்டியா நாலு பேருக்குத் தெரிய வாழ்ந்தா நம்ம சட்டத்துல போதும். ஆனா உங்க கையெழுத்து குறுக்க நிக்குது. அவங்க மனைவி இல்லன்னு ஆயிட்டா உங்க மகனுக்காகக் கேக்க ஆளே இல்ல. இனிமே நீங்க வழக்குப் போட்டாலும் கெடு தாண்டிப் போச்சு. அவர் வழக்கு விழுந்தா அவர் எழுதின கடிதமும் ஓரமாப் போயிடும். மத்த பதிமூணு பேரும் அதைத்தான் நம்பியிருக்காங்க."

"நான் வந்து சொன்னா?"

வக்கீலம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "என்னன்னு?"

"கல்யாணம் ஆனது எனக்குத் தெரியும்னு."

"அப்ப அன்னிக்கு எழுதினது பொய்யின்னு உங்க வாயாலயே சொல்லணும். கம்பெனி வக்கீல் சும்மா விட மாட்டாங்க. உரிச்சு உப்புக்கண்டம் போட்டுடுவாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டுத்தான் மாடி ஏறினேன்."

கதவருகே யாரோ நிற்பது தெரிந்து திரும்பினார். அவள். துணி வெட்டின நூல் புடவையெல்லாம் ஒட்டியிருந்தது. தையல் கடையில் உடுப்பு சரிசெய்கிற வேலை இப்போது. கையிலிருந்த பையைக் கீழே வைக்காமல் நின்றாள். பத்திரக்காரர் எழுந்தார். ஏன் எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"இவர் சாட்சி சொல்றேங்கிறார்ம்மா" என்றாள் வக்கீலம்மா.

"என்ன சொல்லுவார்?" என்று வக்கீலம்மாவையே பார்த்துக் கேட்டாள் அவள்.

"உண்மையைச் சொல்லுவேன்" என்றார் அவர்.

அப்போதுதான் அவரைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரியில உடம்பைக் கேட்டு அன்னிக்கு வெளிய கேட் ஓரமா நின்னேன். நீங்க வண்டியில ஏறறதுக்கு முன்னாடி ஒரு தடவ திரும்பினீங்க. என்னைப் பாத்தீங்க. பாத்துட்டுத்தான் ஏறினீங்க. அதையும் சொல்லுவீங்களா?"

"கேட்டா சொல்லுவேன்."

"கேக்காட்டி?"

அவள் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, "நான் அப்புறம் வரேன் மேடம்" என்று இறங்கிப் போனாள். மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் வக்கீலம்மா குறிப்பெடுக்க ஒரு தாளை எடுத்தாள்.

சாட்சியம் ஒரு ஹோட்டலின் கூட்ட அறையில் நடந்தது. நீள மேசை, தண்ணீர் பாட்டில், சுவரில் பெரிய திரை. இங்கே சாயங்காலம், திரையில் காலை வெளிச்சம். நீதிபதி ஒரு பெண்மணி. நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். ஒரு மூலையில் முகம் தெரியாத மொழிபெயர்ப்பாளரின் குரல். நல்ல தமிழ்தான், ஆனால் எந்த ஊர் என்று சொல்ல முடியாத தமிழ். அறையில் வக்கீலம்மாவும், நடைமுறையைப் பார்க்க வந்த ஒரு அதிகாரியும். அவள் வரவில்லை. மகளும் வரவில்லை; மகளுக்கு அவர் போனில் சொன்னபோது, "உங்களுக்குப் பேத்தி வேண்டாம்னா நேராச் சொல்லிடுங்க" என்று வைத்துவிட்டாள்.

திரையில் நீதிபதிக்குப் பக்கத்துக் கட்டத்தில் கம்பெனி வக்கீல், இளைஞர். ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"இந்தப் படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"உண்மையென்று உறுதி கூறித்தான் எழுதினீர்கள்?"

"ஆமாங்க."

"நாற்பது ஆண்டுகள் சட்ட ஆவணங்கள் எழுதியவர் நீங்கள். பொய் எழுதினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்."

"நல்லாத் தெரியும்."

"இருந்தும் அது பொய் என்கிறீர்கள். அன்று பொய் சொன்னவர் இன்று உண்மை சொல்கிறார் என்று நாங்கள் ஏன் நம்ப வேண்டும்?"

"அன்னிக்குச் சொன்னதுல எனக்கு லாபம் இருந்துச்சு. தெருவுல தலை நிமிந்து நடக்கலாம். இன்னிக்குச் சொல்றதுல எனக்கு என்னங்க இருக்கு? இருக்கற ஒரு மகளும் பேச மாட்டா."

மொழிபெயர்ப்புக் குரல் அதைச் சொல்லி முடித்தது. பிறகு இளைஞர் காகிதத்தைப் புரட்டினார். "அப்பெண்ணை உங்கள் வீட்டுக்குள் எப்போதாவது அழைத்ததுண்டா?"

"இல்லைங்க."

"மருமகள் என்று யாரிடமாவது சொன்னதுண்டா?"

"இல்லைங்க."

"அவர் உங்கள் சமூகத்தைச் சேர்ந்தவர் அல்ல."

"கால்வாய்க்கு அந்தப் பக்கத்துப் பொண்ணுங்க."

அந்த இடத்தில் நீதிபதி கையை உயர்த்தினார். மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார். குரல் தமிழில் வந்தது: "அந்தக் கால்வாய் ஒரு எல்லையா என்று நீதிபதி கேட்கிறார். அதற்கு அப்பால் வேறு மாகாணமா? வேறு சட்டம் நடக்கிற இடமா?"

"இல்லைங்க. பத்தடி அகலம் இருக்கும். ரெண்டு பக்கமும் ஒரே சட்டம்தான். ஒரே வார்டு."

"அப்படியானால், அவர் உங்கள் குடும்பத்தில் சேராததற்கு எந்தச் சட்டம் காரணம்?"

பத்திரக்காரர் திரையைப் பார்த்தார். அந்த அம்மாள் குத்திக் காட்டக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்கிறார். பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு, சட்டத்தின் பெயரும் வருஷமும் சொன்னால் குறித்துக்கொள்ளக் காத்திருக்கிறார்.

"சட்டம் ஒண்ணும் இல்லைங்க" என்றார். "நான்தான்."

குரல் அதை ஒரே மூச்சில் மாற்றிச் சொன்னது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"என் கேள்விகள் முடிந்தன" என்றார் இளைஞர்.

"இன்னும் ஒண்ணு சொல்லணும்" என்றார் பத்திரக்காரர். வக்கீலம்மா வேண்டாம் என்பதுபோலக் கண்ணைக் காட்டினாள். அவர் கவனிக்கவில்லை. "யாரும் கேக்கல, நானாச் சொல்றேன். பையன் உடம்பை வாங்கினப்ப அந்தப் பொண்ணு வெளிய கேட் ஓரமா நின்னுது. நான் பாத்தேன். யாருன்னு தெரியும், எதுக்கு நிக்குதுன்னும் தெரியும். அது அவனோட மனைவி. தெரிஞ்சுதான் வண்டியில ஏறினேன். அதையும் எழுதிக்கச் சொல்லுங்க."

நீதிபதி பேனாவை மறுபடி எடுத்தார்.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. நிபுணர் சொன்னது வழக்கமே தவிரச் சட்டமல்ல, இந்த நாட்டுச் சட்டப்படியே அவள் மனைவி, வழக்கு மேலே நடக்கலாம் என்று அந்த நீதிபதி எழுதியிருந்தார். மகன் எழுதிய கடிதமும் சாட்சியமாக ஏற்கப்பட்டது. வக்கீலம்மா போனில் சொன்னபோது பத்திரக்காரர், "நல்லதும்மா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாளே மகள் போன் செய்தாள். அவர் எதிர்பார்க்கவில்லை.

"அப்பா, உங்க மாப்பிள்ளை விசாரிச்சுட்டார். அந்தத் தீர்ப்பு அந்த நாட்டோட சரியாம். இங்க எந்தப் பதிவுலயும் வராதாம். பேப்பர்லயும் வரல. அங்க அவ என்னவா வேணா இருந்துட்டுப் போகட்டும். இங்க தம்பி கல்யாணமாகாதவன்தான். நல்லவேளை. சம்பந்தி வீட்ல அடுத்த வாரம் வர்றாங்க, நீங்க வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டுச் சும்மா உக்காந்தா போதும்." சந்தோஷத்தில் அவள் குரல் பழையபடி குழைந்தது. "சாப்பிட்டீங்களாப்பா?" என்றுகூடக் கேட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

மகள் சொன்னதில் தப்பில்லை. அதை அவர் தெரிந்துகொண்டது வக்கீலம்மா மூலம்தான். அந்தப் பெண் உத்தரவின் நகலை எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள், இறப்புப் பதிவேட்டில் 'மணமாகாதவர்' என்றிருப்பதைத் திருத்தச் சொல்லி. அது வெளிநாட்டுத் தீர்ப்பு, இங்கே செல்லாது, தகவல் கொடுத்தவர் மனுப் போட்டால்தான் திருத்துவோம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கடல் தாண்டினால் மனைவி. இறங்கி நின்றால் யாருமில்லை.

"மனுப் போட்டா அறிவிப்புப் பலகையில பதினஞ்சு நாள் ஒட்டுவாங்க ஐயா. தெரு முழுக்கப் படிக்கும். உங்ககிட்ட கேக்கச் சொல்லி அவங்க சொல்லல. நானாத்தான் சொல்றேன்."

பத்திரக்காரர் அன்று மத்தியானமே மனுவை எழுதினார். தமிழில் நான்கு வரி. பிறகு மகளைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார்.

"ஒரு மாசம் பொறுங்கப்பா. கல்யாணம் முடியட்டும். அப்புறம் பத்து மனு போடுங்க."

"நாலு வருஷம் பொறுத்தாச்சு."

"அந்த வெள்ளைக்காரி முன்னாடி அழுதீங்களே, அது போதாதா? சொந்தத் தெருவுலயும் அழணுமா?"

"நான் எங்கயும் அழலம்மா."

அவள் அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு, "இனிமே உங்களுக்கு ஒரு மகளும் இல்ல. அதையும் எழுதி ஒட்டிக்கோங்க" என்றாள். அடுத்த வாரம் அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எங்கும் போய் உட்கார வேண்டியிருக்கவில்லை.

நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புக் கவுன்டர் பின்கட்டில். இருவரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றதால் அவளும் வந்திருந்தாள். பெஞ்சின் ஒரு முனையில் அவர், மறுமுனையில் அவள், நடுவே ஒரு கைக்குழந்தைக்காரி. கடை முதலாளி ஒரு மணி நேரம்தான் விட்டிருக்கிறார் போல. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குமாஸ்தாவுக்கு அவரைத் தெரியும். அந்தக் கட்டடத்தில் அவரைத் தெரியாதவர் இல்லை. "அட, ஐயாவா! கூப்பிட்டிருந்தா நானே வீட்டுக்கு வந்திருப்பேனே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மனுவைப் படிக்கப் படிக்க அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பக்கத்து மேசைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"ஐயா, இது... பலகையில ஒட்டணுமே."

"ஒட்டுங்க. தெருப்பக்கமா இருக்கற பலகையில."

குமாஸ்தா தொண்டையைச் செருமிக்கொண்டு படிவத்தை எடுத்தார். ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்தி அவரைக் கேட்டார். "இவங்க உங்களுக்கு என்ன உறவுன்னு போடறதுங்க ஐயா?"

அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி பத்திரக்காரர் சொன்னார்.

"மருமகள்."

வாழ்நாளில் முதல் தடவையாக அந்தச் சொல்லைச் சொன்னார். நாக்கு தடுமாறவில்லை. சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். தன்னை அறியாமல் எதையோ எதிர்பார்த்துத்தான் திரும்பினார் என்று சொல்ல வேண்டும்.

அவள் கவுன்டரில் கையை ஊன்றி முன்னால் குனிந்தாள். "அப்படிப் போடாதீங்க சார். இறந்தவரோட மனைவின்னு போடுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"இல்ல சார்." அவள் குரலில் கோபம் எதுவும் இல்லை. கடையில் அளவு சொல்கிற மாதிரி சொன்னாள். "மனைவியாகறதுக்கு அவர் ஒருத்தர் போதும். மருமகளாகணும்னா இவர் வேணும். எனக்கு அவர் மட்டும்தான் இருந்தாரு."

குமாஸ்தா திகைத்துப் போய், அந்த அலுவலகத்தில் எல்லோரும் செய்கிறதுபோல, எப்படி எழுதுவது என்று பத்திரக்காரரின் முகத்தைப் பார்த்தார்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க?" என்றார் அவர். "அவங்க சொல்றபடி எழுதுங்க."

எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை அவர் பக்கமாக நகர்த்தி வைத்து, கடைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினாள். பத்திரக்காரர் முதல் வரியிலிருந்து படிவத்தைப் படித்துக்கொண்டு வந்தார். ஓரிடத்திலும் மாற்றச் சொல்ல ஒன்றும் இல்லை.